மூணாவது, நாலாவது, அஞ்சாவது: மலைமேல் சர்ச் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள்?

#1 பனியன்கம்பெனி

எல்லாருக்கும் வணக்கம். பத்து வருஷம் திருப்பூரில் இருந்துவிட்டு இந்த ஜூனில் வேலை மாறி குன்னூர் வருகிறோம். மகள் இரண்டாவது முடிக்கப் போகிறாள். வீடு பார்த்திருக்கும் இடத்திலிருந்து நடக்கிற தூரத்தில், சர்ச் வளாகத்துக்குள்ளேயே ஒரு தொடக்கப்பள்ளி இருக்கிறது. ஒன்று முதல் ஐந்து வரை, அரசு உதவி பெறும் பள்ளி, தமிழ் வழி. அதை விட்டால் வேனில் முக்கால் மணி நேரம் போகிற மெட்ரிக்தான். மகளுக்கு வேன் என்றாலே வாந்தி. மலை வளைவில் கேட்கவே வேண்டாம்.

நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. பாட்டு, ஜெபம், கதை என்றே பொழுது போய்விடுமோ, கணக்கும் இங்கிலீஷும் வருமா என்பது மனைவியின் கவலை. அம்மாவுக்கு வேறு கவலை, அது என்னவென்று நான் எழுத வேண்டியதில்லை. எனக்குத் தெரிய வேண்டியது இதுதான்: மூணு, நாலு, அஞ்சு ஆகிய மூன்று வருஷத்தில் பிள்ளை அங்கே என்ன கற்றுக்கொள்ளும்? படித்தவர்கள், படிக்க வைத்தவர்கள், வேலை பார்த்தவர்கள் சொல்லுங்கள். ஆர்.டி.இ. (கல்வி உரிமைச் சட்டம்) இலவச சீட் பற்றித் தெரிந்தாலும் சொல்லுங்கள்.

#2 கொழுந்துக்கூடை

கோத்தகிரி பக்கம் எஸ்டேட்டில் இருக்கிறோம். இரண்டு பசங்களையும் இப்படி ஒரு மிஷன் பள்ளியில்தான் போட்டேன். முதலில் ஒரு விஷயம் தெளிவாகிவிடட்டும் அண்ணா, சர்ச் பள்ளி என்பதற்காகத் தனிப் பாடப்புத்தகம் எதுவும் கிடையாது. கவர்ன்மென்ட் புத்தகம்தான். ஒன்று, இரண்டில் சூழ்நிலையியல் என்று ஒன்றாக இருப்பது மூணாவதில் அறிவியல், சமூக அறிவியல் என்று இரண்டாகப் பிரியும். வருஷத்துக்கு மூன்று பருவம். எஃப்.ஏ. (பருவத்துக்கு நடுவே வகுப்பில் பார்ப்பது) 40, எஸ்.ஏ. (பருவத் தேர்வு) 60 என்று மார்க் போடுவார்கள்.

புத்தகத்தில் இல்லாமல் வந்தது என்றால் கையெழுத்தைச் சொல்வேன். மூணாவதில் நாலு கோடு நோட்டில் கர்சீவ் எழுத வைத்தே உயிரை எடுத்தார்கள். நாலாவதில்தான் பேனா. பென்சிலை விட்டு மைப்பேனா பிடித்த அன்றைக்குப் பெரியவன் சட்டைப் பையில் பெரிய நீல வட்டத்தோடு வீட்டுக்கு வந்தான். அது இன்றுவரை போகவில்லை. திட்டினால், ‘ஜீசஸ் மன்னிப்பார்ன்னு மிஸ் சொன்னாங்க’ என்றான். துவைக்கிறது யாரு என்று நான் கேட்டேன்.

#3 குறிஞ்சிடீச்சர்

கொடைக்கானலில் சர்ச் நடத்தும் உதவி பெறும் பள்ளி ஒன்றில் பல வருஷம் மூணாவதும் நாலாவதும் எடுத்தவள். 2021-ல் ஓய்வு பெற்றேன். தம்பி, உங்கள் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

இரண்டாவது வரை எழுத்தைக் கூட்டி வாசிப்பதே வேலை. மூணாவது புத்தகம், பிள்ளைக்கு அது வந்துவிட்டது என்று தானாகவே எடுத்துக்கொண்டு கடகடவென்று பேச ஆரம்பித்துவிடும். அங்கேதான் பல பிள்ளைகள் பின்தங்கும். ‘ஒரு கூடையில் 48 கேரட், 6 பேருக்குச் சமமாகப் பிரித்தால்’ என்று கணக்கு வரும். 48-ஐ 6-ஆல் வகு என்றால் டக்கென்று போடுகிற பிள்ளை, இதைப் பார்த்ததும் எழுந்து நின்று, ‘மிஸ், இது கூட்டலா கழித்தலா?’ என்று கேட்கும். கணக்கு நன்றாகத் தெரியும். கணக்கை வாசிக்கத்தான் வராது. அரசாங்கம் வாசிப்புக்கும் அடிப்படைக் கணக்குக்குமான எண்ணும் எழுத்தும் திட்டத்தை 2022-ல் மூணாவது வரைக்கும், அடுத்த வருஷம் நாலு, அஞ்சுக்கும் கொண்டு வந்து, பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்ததெல்லாம் இந்தப் பிரச்சினைக்காகத்தான். கொரோனாவுக்குப் பிறகு அது ரொம்பவே பெரிதாகிவிட்டது.

ஆகவே ஒரு பள்ளியில் அறிவியல் லேப் உண்டா, ஸ்மார்ட் போர்டு உண்டா என்று பார்க்காதீர்கள். மூணாவது பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு, அது பார்த்திராத ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல்லி, ‘என்ன சொல்லியிருக்கு?’ என்று கேளுங்கள். பதில் வந்தால் சேர்த்துவிடுங்கள்.

ஒரு சம்பவம். 2018-ல் இங்கே குறிஞ்சி பூத்தபோது நாலாவது என்னிடம் இருந்தது. 12-ஆம் வாய்ப்பாடு ஓடிக்கொண்டிருந்த நேரம். போர்டில் ஒரு கோடு இழுத்து 1982, 1994, 2006, 2018 என்று புள்ளி வைத்தேன். அடுத்து எப்போது? 2030 என்றார்கள். அப்போது உனக்கு என்ன வயசு? ஒருத்தி விரல் விட்டு எண்ணி 21 என்றாள். அதற்கும் அடுத்தது 2042, அவளுக்கு 33. ‘உங்களுக்கு எவ்வளவு மிஸ்?’ என்று திருப்பிக் கேட்டாள். 81 என்று சொன்னதும் வகுப்பே அமைதியாகிவிட்டது. பிறகு கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தன், ‘வீல்சேர்ல தள்ளிட்டுப் போறோம் மிஸ்’ என்றான். அந்த வருஷம் என் வகுப்பில் 12-ஆம் வாய்ப்பாடு தெரியாத பிள்ளை கிடையாது.

ஜனவரியில் இன்னொன்று செய்வோம். காலையில் புல் மேல் படிந்திருக்கும் உறைபனியை டிபன் பாக்ஸ் மூடியில் வழித்து ஜன்னல் ஓரம் வைக்கச் சொல்வேன். பிரேயர் முடிந்து வந்தால் தண்ணீர். மத்தியானம் மூடி காய்ந்திருக்கும். திண்மம், நீர்மம், ஆவி எல்லாம் அதிலேயே முடிந்துவிடும். கீழ்நாட்டில் இதற்கு ஐஸ் வாங்க வேண்டும்.

#4 விதண்டாவாதி

டீச்சர் எழுதியதைப் படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் எல்லா வகுப்பிலும் இவர் மாதிரி டீச்சர் இல்லையே. நானும் நீலகிரியில் ஒரு கிறிஸ்தவப் பள்ளியில்தான் படித்தேன், பெயர் வேண்டாம், இங்கிலீஷ் மீடியம். தமிழில் பேசினால் ஒரு ரூபாய் ஃபைன். அஞ்சாவது முடிப்பதற்குள் அப்பா கட்டிய ஃபைனில் ஒரு சைக்கிள் வாங்கியிருக்கலாம்.

அப்புறம் பைபிள் மனப்பாட வசனம். வாரத்துக்கு ஒன்று. ‘கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்.’ தாழ்ச்சியடையேன் என்றால் தாழ்ப்பாள் அடைக்க மாட்டேன் என்று நான் இரண்டு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். மேய்ப்பர் இருக்கிறார், அதனால் கதவைச் சாத்த வேண்டியதில்லை. யோசித்துப் பார்த்தால் அர்த்தம் ஒன்றும் அவ்வளவு தப்பில்லை. ஆனால் ஒரு மிஸ்கூட அர்த்தம் கேட்கவில்லை. ஒப்பித்தால் ஸ்டார், இல்லையென்றால் முட்டி. கேட்டதே மனப்பாடம் மட்டும்தான்.

#5 பனியன்கம்பெனி

டீச்சரம்மா, ரொம்ப நன்றி. அந்த வாசிக்கச் சொல்லும் டெஸ்டை மகளிடமே செய்து பார்த்தேன். வாசித்தாள், ஆனால் ‘என்ன சொல்லியிருக்கு’ என்று கேட்டதும் மறுபடி முதலிலிருந்து வாசித்தாள். சரி, எனக்கும் வேலை இருக்கிறது.

@விதண்டாவாதி, வசனம் எல்லாப் பிள்ளைக்கும் கட்டாயமா?

#6 பாயிண்ட்_நம்பர்

சட்டப்படி இல்லை. அரசியலமைப்பின் 28-ஆவது பிரிவு, மூன்றாம் உட்பிரிவு: அரசு அங்கீகாரம் பெற்ற அல்லது அரசு நிதி பெறும் கல்வி நிலையத்தில் மத போதனையிலோ வழிபாட்டிலோ யாரையும் கலந்துகொள்ள வைக்க முடியாது, அவர்கள் சம்மதம் இருந்தால் தவிர. மைனராக இருந்தால் பெற்றோர் அல்லது காப்பாளர் சம்மதம். சேர்க்கும்போதே வாயால் சொன்னாலும் போதும்தான், ஒரு பேப்பரில் எழுதிக் கொடுத்துவிட்டால் பின்னாடி பேச்சு வராது.

ஆர்.டி.இ. 25 சதவீதம் உங்களுக்குப் பொருந்தாது. அது நுழைவு வகுப்புக்குத்தான், அதுவும் தனியார் சுயநிதிப் பள்ளியில். சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அந்தச் சட்டமே பொருந்தாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் நீங்கள் பார்த்திருப்பது உதவி பெறும் பள்ளி, தமிழ் வழி. டீச்சர் சம்பளம் அரசாங்கம் கொடுக்கிறது. புத்தகம், மத்தியான சாப்பாடு எல்லாம் உண்டு. காலை உணவுத் திட்டம் 2024 ஜூலையில் கிராமப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கு வந்தது, 2025 ஆகஸ்டில் நகர்ப்புறத்துக்கும். மலைப் பகுதி என்பதால் கம்பளிச்சட்டையும் மழைக்கோட்டும் தருவார்கள். அளவு மட்டும் பார்த்து வாங்குங்கள், என் தம்பி மகனுக்கு வந்ததில் அவன் அப்பாவும் நுழையலாம்.

#7 செண்பகனூர்மருமகள்

ஆர்.சி. (கத்தோலிக்க) பள்ளியா, சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) பள்ளியா என்று இன்னும் சொல்லவில்லையே? கொஞ்சம் வித்தியாசம் உண்டு. எங்கள் பக்கம் ஆர்.சி. பள்ளியில் ஒரு பீரியட் மணி அடித்ததும் வகுப்பு இரண்டாகப் பிரியும். கத்தோலிக்கப் பிள்ளைகள் ஞானோபதேசம் என்கிற மறைக்கல்விக்கு, மற்றவர்கள் நீதிபோதனைக்கு. மூணாவது, நாலாவதுப் பிள்ளைகள் புதுநன்மை (பூசையில் முதல்முறை நற்கருணை) வாங்கத் தயாராகிற வயசு. அதனால் ஞானோபதேச வகுப்பு பரீட்சை மாதிரி சீரியஸாகப் போகும். நீதிபோதனையில் ஜாலியாகக் கதை. என் மகளுக்கு அந்தப் பக்கம் போக முடியவில்லையே என்று ஏக்கம்.

விதண்டாவாதி அண்ணே, உங்கள் தாழ்ப்பாளுக்கு எங்களிடம் பதில் இருக்கிறது. 1995-ல் வந்த பைபிள் பொது மொழிபெயர்ப்பில் அந்த வசனமே மாறிவிட்டது: ‘ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை.’ குழந்தைக்குப் புரிகிற தமிழ். ஆனால் எங்கள் தெருவில் சி.எஸ்.ஐ. பிள்ளை மேய்ப்பர் என்கும், என் மகள் ஆயர் என்பாள், இரண்டும் சண்டை போடும். ஆயர் என்றால் பிஷப்பும்தான் என்பதால் என் மகளுக்கு டபுள் குழப்பம். பிஷப் எப்போது ஆடு மேய்த்தார் என்று கேட்டாள்.

#8 கேத்திமலை

நான் படுகர். வீட்டில் படுகு, பள்ளியில் தமிழ், புத்தகத்தில் இங்கிலீஷ். எங்கள் ஊர்ப் பக்கம் சுவிட்சர்லாந்துக் கிறிஸ்தவச் சங்கமான பாசல் மிஷன் 1840-களிலேயே வந்து பள்ளிக்கூடம் வைத்துவிட்டது. அப்போது அவர்கள் சொல்லிக்கொடுத்தது கன்னடத்தில். படுகுக்கு அது பக்கம் என்று நினைத்திருப்பார்கள். என் பாட்டனாருக்குக் கன்னட எழுத்துத் தெரியும், அப்பாவுக்குத் தமிழ், எனக்கு இரண்டும் அரைகுறை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், மூணாவது வகுப்பில் டீச்சரம்மா சொன்ன பிரச்சினை எங்கள் பிள்ளைகளுக்கு இரட்டிப்பு. வீட்டில் கேட்காத தமிழைப் புத்தகம் பேசும். எனக்குப் புத்தகத் தமிழ் வாயில் வந்தது தமிழ்ப் பீரியடில் இல்லை. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் வேதபாட மிஸ் ஒரு கதை சொல்வார், அடுத்த வாரம் நம்மில் ஒருத்தர் முன்னால் வந்து அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். யோசேப்பின் பலவர்ண அங்கிக் கதை என் முறை. பலவர்ணம் என்றால் என்ன என்று தெரியாமல் ‘பல் வலி அங்கி’ என்று சொல்லி வகுப்பே சிரித்தது. மிஸ் சிரிக்கவில்லை. தன் சேலையின் பார்டரைக் காட்டி, இதில் எத்தனை நிறம் என்று எண்ணச் சொன்னார். ஏழு. அதற்குப் பிறகு நான் அந்தச் சொல்லை மறந்ததே இல்லை. நான் கிறிஸ்தவன் ஆகவும் இல்லை, எங்கள் ஹெத்தை அம்மன் திருவிழாவான ஹெத்தை ஹப்பத்துக்கு வெள்ளை உடுத்திப் போகிறவன்தான்.

#9 பல்சக்கரம்

குன்னூர் வருகிறீர்கள், ரயிலைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! எங்கள் அஞ்சாவது மாஸ்டர் பின்னக் கணக்கு நடத்தியதே ஸ்டேஷனில்தான். கல்லாறு முதல் குன்னூர் வரை பல்சக்கரப் பாதை. ஏற்றம் அதிகமான இடத்தில் சுமார் 12 அடி முன்னால் போனால் 1 அடி மேலே ஏறும். அதுதான் 1/12. ‘பின்னத்தில் கீழ் எண் பெரிதானால் ஏற்றம் குறையும், புரிந்ததா?’ என்பார். 12 பெரிது, 4 சின்னது, அப்படியென்றால் 1/4-ஐ விட 1/12-தான் பெரியது என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்த கூட்டம் நாங்கள். இஞ்சின் புகையில் நின்று கேட்ட பிறகு யாரும் அந்தத் தப்பைச் செய்யவில்லை. டீச்சரம்மாவுக்கும் 12, எங்களுக்கும் 12.

மற்றபடி மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை 46 கிலோமீட்டர், 208 வளைவு, 16 குகை, 250 பாலம் என்று பொது அறிவுப் போட்டிக்கு நாங்கள் ஒப்பித்ததும் உண்டு. அது விதண்டாவாதி சொன்ன வகை.

#10 கூடலூர்_மழை

பாடம் கிடக்கட்டும், ஜூலையில் எத்தனை நாள் பள்ளிக்கூடம் இருக்கும் என்று கேளுங்கள். மழை லீவு, காற்று லீவு, மரம் விழுந்த லீவு, எங்கள் பக்கம் யானை நின்றால் அதற்கு ஒரு லீவு. முதல் பருவப் பாடம் பாதி நம் வீட்டில்தான் முடியும்.

#11 விதண்டாவாதி

கேத்திமலை எழுதியதைப் படித்த பிறகு கொஞ்சம் இறங்கி வருகிறேன். முழுக்க இல்லை.

மனப்பாடத்தைப் பற்றிச் சொன்னதில் மாற்றமில்லை. ஆனால் ஒன்றை மறந்துவிட்டேன். மூணாவதிலிருந்து அஞ்சாவது வரை கிறிஸ்துமஸ் நாடகத்தில் எனக்கு மேய்ப்பன் வேஷம். தாத்தாவின் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, ஹாலில் முந்நூறு பேர் முன்னால், ‘அதோ, வானத்தில் ஒரு பெரிய வெளிச்சம்!’ என்று சொல்ல வேண்டும். ஒரே வரி. முதல் வருஷம் குரலே வரவில்லை. மூன்றாவது வருஷம் மைக் ஆஃப் ஆனபோதும் கடைசி வரிசைக்குக் கேட்டது. இன்றைக்கு ஆபீசில் எல்லாரும் பம்முகிற மீட்டிங்கில் நான் எழுந்து பேசுகிறேன் என்றால் அந்தக் கம்பளிதான் காரணம்.

கணக்கு, அறிவியல் எல்லாம் எந்தப் பள்ளியிலும் ஒன்றுதான். பாடுவது, சொல்வது, முன்னால் வந்து நிற்பது, இதில் சர்ச் பள்ளிகள் ஒரு படி மேலே. அதை ஒத்துக்கொள்கிறேன். ஒரு ரூபாய் ஃபைனை மட்டும் மன்னிக்க மாட்டேன்.

#12 குறிஞ்சிடீச்சர்

விதண்டாவாதி தம்பி, அந்த ஃபைனை நானும் மன்னிக்க மாட்டேன். வசனத்துக்கு அர்த்தம் கேட்காமல் ஸ்டார் ஒட்டிய டீச்சர்களில் ஆரம்பத்தில் நானும் ஒருத்திதான். நாற்பத்தைந்து பிள்ளை, ஒரு பீரியட், ஒப்பித்தவனுக்கு டிக் போட்டால் வேலை முடிந்தது. கேத்திமலையின் மிஸ் மாதிரி சேலை பார்டரைக் காட்டத் தோன்ற எனக்குப் பத்து வருஷம் ஆனது.

#13 பனியன்கம்பெனி

போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். சி.எஸ்.ஐ. பள்ளி. மொத்தம் 61 பிள்ளைகள், ஓட்டுக் கூரை, சுவரில் வாய்ப்பாடு பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். ஹெச்.எம். என்னை நாலாவது வகுப்பின் பின்னால் உட்கார அனுமதித்தார். வருஷக் கடைசி, பழைய பாடம் திருப்பிக்கொண்டிருந்தார்கள்.

சமூக அறிவியலில் ஐவகை நிலம். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று நான் சின்ன வயசில் ஒப்பித்ததுதான். இங்கே மிஸ், ‘இதுல நாம எங்க இருக்கோம்?’ என்று கேட்டார். எல்லாரும் ஜன்னலைக் காட்டினார்கள். ‘சரி, மருதம் யாராவது பார்த்திருக்கீங்களா?’ ஒரே ஒரு பையன் கை தூக்கினான், பாட்டி ஊர் கோபிசெட்டிபாளையம். அவனை முன்னால் வரச்சொல்லி, வயலில் நடந்தால் கால் எப்படிப் புதையும் என்று நடந்து காட்டச் சொன்னார். பாலையை யாரும் பார்த்ததில்லை. ‘பஸ்ல மேட்டுப்பாளையம் இறங்கினா மத்தியானம் அதான் மிஸ்’ என்றாள் ஒரு பெண். திருப்பூரிலிருந்து வந்த எனக்கு உடன்பாடு.

அப்புறம் கடையெழு வள்ளல்கள். பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்த கதை. அந்தப் பேகன் ஆண்டது பழனி மலைப் பக்கம் என்று மிஸ் சொன்னதும் ஒருத்தன், ‘மயிலுக்கு எதுக்கு மிஸ் போர்வை, அதுக்கு இறகு இருக்கே?’ என்று கேட்டான். மிஸ் பதில் சொல்வதற்குள் இன்னொரு பெண் தன் கம்பளிச்சட்டையைப் பிடித்துக் காட்டி, ‘நமக்கு வீட்ல ஸ்வெட்டர் இருந்தும் கவர்ன்மென்ட் குடுத்துச்சுல்ல, அது மாதிரி’ என்றாள். நான் சிரித்துவிட்டேன். மிஸ் என்னைத் திரும்பிப் பார்த்ததும் நாலாவது வகுப்புப் பையன் மாதிரி தலையைக் குனிந்துகொண்டேன்.

டீச்சரம்மா டெஸ்டையும் செய்தேன். மூணாவதுப் பையன் ஒருவனிடம் என் பையிலிருந்த மின்கட்டண ரசீதைக் கொடுத்தேன், வேறு காகிதம் இல்லை. திக்கித் திக்கி வாசித்துவிட்டு, ‘பணம் கட்டலன்னா ஃபியூஸ் புடுங்கிருவாங்க’ என்றான்.

குறை இல்லாமல் இல்லை. மூணாவதுக்கும் நாலாவதுக்கும் சேர்த்து ஒரே டீச்சர். இங்கிலீஷ் வாசிப்பு சுமார்தான், அதை வீட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். பிரேயரில் பாட்டு எல்லாரும் பாடுகிறார்கள். வேதபாடத்துக்கு எழுதிக் கொடுக்கலாம் என்று ஹெச்.எம். அவராகவே சொன்னார். மனைவியிடம் கேட்டேன். கதைதானே, கேட்கட்டும் என்றாள்.

#14 கொழுந்துக்கூடை

அண்ணா, நாலு கோடு நோட்டு மொத்தமாகத் திருப்பூரிலேயே வாங்கி வந்துவிடுங்கள். ஜூன் இரண்டாவது வாரம் இங்கே கடையில் இருக்காது. மழைக்கு எல்லாப் புத்தகத்துக்கும் பிளாஸ்டிக் அட்டை போடுங்கள் என்று சொல்லலாம் என்றால் இந்த ஊரில் பிளாஸ்டிக் தடை. பழைய காலண்டர் தாள்தான், வழவழ பக்கம் வெளியே.

#15 பனியன்கம்பெனி

சேர்த்து மூன்று நாள் ஆகிறது. முதல் வசனமே வந்துவிட்டது, மேய்ப்பர்தான். நான் முந்திக்கொண்டு தாழ்ச்சிக்கு அர்த்தம் சொல்லப் போனேன். அவள் கேள்வி அது இல்லை: ‘மேய்ப்பர்னா மாடு மேய்க்கிறவரா, ஆடு மேய்க்கிறவரா?’ எதிர் மேட்டில் மேய்வது மாடு, புத்தகப் படத்தில் இருப்பது ஆடு.

எனக்கு முன்னால் அம்மா பதில் சொல்லிவிட்டார். வெற்றிலையை மடித்துக்கொண்டே, தலையைக்கூட நிமிர்த்தாமல், ‘கிருஷ்ணன் மாடு மேய்ப்பான், ஏசு ஆடு மேய்ப்பாரு. ரெண்டு பேருக்கும் ஒரே வேலைதான் கண்ணு.’

அதை நோட்டில் எழுதிக்கொண்டு போயிருக்கிறாள். மிஸ் என்ன சொன்னார் என்று சாயங்காலம் தெரியும்.